மேட்டில் ஒரு விரல் இடைவெளி

எங்கள் வீட்டில் மெசினை ஓட்டுவது நான், திருத்துவது அவர். இதைக் கேட்டு முகம் சுழிக்கிறவர்கள் ஒட்டுசுட்டான் சந்தையிலிருந்து வற்றாப்பளை வரைக்கும் இருக்கிறார்கள். சுழித்துவிட்டுப் போகட்டும். என் கணவருடைய வலது முழங்கால் மடியாது. சண்டையில் பாய்ந்த ஓர் இரும்புத் துண்டு இன்னும் உள்ளே கிடக்கிறது. பிரேக் மிதிக்க முடியாத மனிதரை மெசினில் ஏற்றி வீதிக்கு விடுவதா, நான் பழகுவதா என்று வந்தபோது நான் பழகினேன். பழக்கும்போது அவர் போட்ட சத்தத்துக்கு வேறொருத்தியாக இருந்தால் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போயிருப்பாள். என் தாய் வீடு அடுத்த வளவு. அங்கேயும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

மெசின் என்று நாங்கள் சொல்வது உழவு மெசினை, நாலு சில்லு டிராக்டரை. அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் குடியேற்றத்துக்கு வந்தபோது கொண்டுவந்தது. எங்கள் இருவரையும்விட மூப்பு. இடம்பெயர்ந்தபோது வீதியோரத்தில் விட்டுப்போனோம். திரும்பி வந்து, குவிந்துகிடந்த வாகனங்களுக்குள் தேடிக் கண்டுபிடித்தபோது அதன் முகம் நசுங்கியிருந்தது, ரேடியேற்றர் இல்லை. அவர் வேறொரு மெசினின் ரேடியேற்றரைத் தேடிப் பூட்டி, நசுங்கியதை நிமிர்த்தி, சிவப்பு நிறம் அடித்து ஓடவைத்தார். அந்த மெசினுக்கு அவர் காட்டிய பொறுமையில் கால்வாசியை எனக்குக் காட்டியிருந்தால் நான் எப்போதோ விமானமே ஓட்டியிருப்பேன்.

பற்றரிதான் அதற்கு ஒத்துவரவில்லை. எதைப் போட்டாலும் படுத்துவிடும். அதனால் எங்கள் மெசின் எப்போதும் மேட்டில்தான் நிற்கும். வீட்டுக்குப் பக்கத்தில் ஷெல்லுக்குப் பதுங்க வெட்டிய பழைய பங்கரின் மண் குவிந்துகிடந்தது. பங்கர்க் குழிக்குள் வாழை வைத்தோம். மண்மேட்டை மெசினுக்குக் கொடுத்தோம். பின்பக்கமாக ஏற்றி, மூக்குக் கீழே பார்க்க நிறுத்தி, முன்சில்லுகளுக்குக் கல் அணைகொடுப்போம். காலையில் கல்லை இழுத்துவிட்டால் தானாக உருளும். உருளும்போது கியரைப் போட்டுக் கிளச்சை விட்டால் எஞ்சின் பிடித்துவிடும். கழுவுவது, கிறீஸ் அடிப்பது, திருத்துவது எல்லாமே அந்த மேட்டில்தான். பற்றரி இல்லாத பழைய மெசின் நிற்கிற வளவுகளில் இப்படி ஒரு மேடு இருப்பது எங்கள் பக்கத்தில் புதினமில்லை.

இந்தக் கதை அம்மாவின் காணியைப் பற்றியது. அம்மா மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். சிறுவயதில் கலவரத்துக்குத் தப்பித் தகப்பனுடன் வன்னிக்கு வந்தார். அன்றிலிருந்து மற்றவர்களின் வயலில்தான் அவருக்கு வேலை. நெல் விதைப்பதில் அவருக்குக் கைராசி என்று பேர். தூர இடங்களிலிருந்தும் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். விதைத்து முடிந்ததும் பனையோலைக் கடகத்தில் மிஞ்சிய விதைநெல்லைக் காணிக்காரரின் கையில் கொடுப்பார். பிறகு, வரம்பில் நின்று, சேலை மடியை அவிழ்த்து எல்லாரும் பார்க்க உதறிக் காட்டுவார். ஒரு மணி நெல்லும் ஒளித்துக் கொண்டுபோகவில்லை என்பதற்கு அது சாட்சி. அப்படிச் செய் என்று யாரும் சொன்னதாக நான் கண்டதில்லை. சொல்ல முன்னமே செய்துவிடுவார். சின்ன வயதில் அதைப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

கடைசியில் அவருக்கும் ஒரு காணி கிடைத்தது, ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டு விளிம்பில். முதல் விதைப்புக்கு முன்னமே சண்டை வந்து எல்லாரும் ஓடினோம். திரும்பி வந்து பார்த்தால் காணி காடாகியிருந்தது; கடதாசியிலும் காடு என்றே எழுதியிருந்தது. அதைக் காணி என்று மறுபடி எழுதுவிக்க நாங்கள் அலைந்த அலைச்சலைச் சொல்ல வெளிக்கிட்டால் எனக்குக் கோபம் வரும், ஆனபடியால் விடுகிறேன். இந்த வருசம் கிடைத்துவிட்டது. பற்றையை வெட்டி எரித்தோம். மழைக்கு முன்னம் உழுது, புழுதியிலே விதைத்துவிட வேண்டும். அது பள்ளக் காணி. பெருமழை விழுந்து தண்ணீர் நின்றுவிட்டால் அந்தப் போகம் போனதுதான். ஒரு போகம் சும்மா கிடந்தால் பற்றை திரும்ப எழும்பிவிடும்.

வாடகைக்கு மெசின் கேட்டுப் பார்த்தோம். புதிய மெசின்காரர் ஒருவரும் வரவில்லை. "அடிக்கட்டை கிடக்கிற காணியில இறக்கினா என்ர கலப்பை என்னத்துக்காகும்?" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் பிழையில்லை. ஆகவே எங்கள் கிழட்டு மெசின்தான் என்று முடிவாயிற்று. அம்மா விதைநெல் மூட்டையைத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்; மனிதர் படுக்க இடமில்லாவிட்டாலும் பரவாயில்லை, மூட்டைக்கு எலி வரக்கூடாது.

முதல் நாள் நான் இரண்டு சுற்று உழுதிருப்பேன். மூன்றாவது சுற்றில் பழைய வரம்பு ஒன்றில் முன்சில்லு ஏறி விழுந்தது. 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம், தகரத்தில் அரம் போட்டதுபோல. அடுத்த கணம் மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி கிளம்பி என் முகத்தில் அடித்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் குதித்தேன். விசிறி ரேடியேற்றரைக் கடித்திருந்தது. மெல்லிய தகடுகள் வட்டமாகச் சுரண்டப்பட்டு, நடுவிலிருந்து துருத்தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு வரம்பில் நின்ற அம்மா அதை மெல்ல மடக்கினார். அவர் குடையை மடக்கியதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

பக்கத்து வயல்காரர் தன் மெசினில் கட்டி இழுத்து வந்து தந்தார். நோயாளியைக் கட்டிலில் போடுவதுபோல் மேட்டில் ஏற்றி, கல்லை அணைகொடுத்து நிறுத்தினோம்.

என் கணவர் ரேடியேற்றரைக் கழற்றி, பஸ்ஸில் ஏற்றிப் புளியங்குளத்துக்குக் கொண்டுபோனார். அங்கே அவருக்குத் தெரிந்த ஒரு கராஜ்கார அண்ணை இருக்கிறார். கை நல்லது, வாய் அதைவிட நல்லது. அண்ணை ஈயம் வைத்து ஒட்டிக் கொடுத்தார். இவர் கொண்டுவந்து மேட்டிலே பூட்டி, விசிறிக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில் சுட்டுவிரலை விட்டுப் பார்த்தார். விரல் தாராளமாகப் போனது.

"ஒரு விரல் இடைவெளி இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்? நீர் வரம்பில ஏத்தின ஏத்துதான் பிழை," என்றார்.

"நான் வரம்பில ஏத்தாமல் வானத்தாலயே உழுறது?" என்று கேட்டேன்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணலெண்டாளாம்."

அந்தப் பழமொழியை நான் மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன். எனக்கு மறதி குறைவு.

அடுத்த தடவை வரம்பு எல்லாவற்றையும் மண்வெட்டியால் வெட்டிச் சாய்த்துவிட்டுத்தான் இறங்கினேன். குழந்தையை நடத்துவதுபோல் மெசினை நடத்தினேன். பாதி வயலில் அதே 'கர்ர்ர்.' அவர் கைத்தொலைபேசியில் அந்தச் சத்தத்தைப் பதிந்து புளியங்குளத்துக்கு அனுப்பினார். அண்ணை கேட்டுவிட்டு, "உது வோட்டர் பம்பின்ர பெயாரிங் தேய்ஞ்ச சத்தம்" என்று தீர்ப்புச் சொன்னார். விசிறி அந்தப் பம்பில்தான் சுழலும். பெயாரிங் தேய்ந்தால் விசிறி முன்னுக்குத் துள்ளுமாம். நம்பக்கூடிய கதைதான். பெயாரிங் மாற்றினோம், ரேடியேற்றரைத் திரும்ப ஒட்டினோம், மேட்டில் விரல் விட்டுப் பார்த்தோம். விரல் போனது. வயலில் இறக்கினோம். கடித்தது.

மூன்றாவது வைத்தியம்தான் விசேசம். அண்ணையே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மேட்டில் ஏறி நின்று மெசினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தேத்தண்ணி குடித்தார். பிறகு, "விசிறியின்ர நுனியளைக் கொஞ்சம் வெட்டிவிடுவம். பல்லில்லாத பாம்பு எப்பிடிக் கடிக்கும்?" என்றார். வெட்டினார்கள். கடி நின்றது உண்மைதான். ஆனால் கட்டைவிசிறிக்குக் காற்று இழுக்கப் பலமில்லை. காணியில் ஒரு சுற்று முடிய முன்னமே எஞ்சின் கொதித்து, ரேடியேற்றர் இட்டலிப் பானைபோல் குமுறத் தொடங்கிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

அன்று வீட்டில் நல்ல சண்டை. அவர் மெசினைப் பற்றி ஒரு சொல் கேட்கமாட்டார். நான் மெசினைப் பற்றித்தான் கதைத்தேன். பழைய இரும்புக்காரனுக்குக் கொடுங்கோ என்றேன். "அப்ப அதோட சேர்த்து என்னையும் நிறுத்துக் குடும், எனக்குள்ளயும் இரும்பிருக்கு" என்றார். சிரிப்பு வந்தது, ஆனாலும் சிரிக்கவில்லை. மேற்கே முகில் கட்டத் தொடங்கியிருந்தது. சுற்றிவர எல்லா வயல்களிலும் விதைத்து முடித்துவிட்டார்கள். அம்மா ஒவ்வொரு நாளும் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்ப்பார். பிறகு எங்கள் மேட்டைப் பார்ப்பார். எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது. அம்மாவுக்கு வயது போய்விட்டது. அடுத்த வருசம் விதைக்கலாம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மா கடைசியில் வாய் திறந்தார். இத்தனை வருசம் வன்னியில் இருந்தும் அவருடைய பேச்சு இன்னும் மலைநாட்டுப் பேச்சுத்தான்.

"நான் சொல்லாம இருந்தேன் புள்ள. மொத ஒழவு. கும்பம் வைக்காம, தேங்கா ஒடைக்காம எறக்குனீங்க. காணி எப்புடி ஏத்துக்கும்?"

என் கணவர் சாமி கும்பிடுகிறவர்தான், ஆனால் மெசின் விசயத்தில் சாமியை இழுப்பது பிடிக்காது. "மாமி, இது பொருத்துப் பிழை, பூசையால போகாது," என்றார்.

"போகாட்டிப் போகட்டும் மாப்புள்ள. வச்சா கொறஞ்சிடுமா?"

அண்ணை புளியங்குளத்தில் நல்ல விசிறி ஒன்று தேடி வைத்திருப்பதாகவும், மறுநாள் கொண்டுவருவதாகவும் சொல்லியிருந்தார். அவர் வருவதற்குள் பூசையை முடித்துவிடுவோம் என்று நானும் அம்மாவின் பக்கம் சேர்ந்தேன்.

மறுநாள் அம்மா முழுகி, வெளுத்த சேலை உடுத்து, நிறைகுடமும் மாவிலையும் தேங்காயுமாக வந்தார். மேட்டில், மெசினின் மூக்குக்கு முன்னால் வாழையிலை போட்டு, நெல் பரப்பி, குடத்தை வைத்தார். குடம் சரிந்தது. ஒரு பக்கம் மண் அணைத்து வைத்தார். தேங்காய் உருண்டு வாழைக்குள் போனது. என் கணவர் கதிரையில் இருந்தபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம். "சாமியவும் ஒங்க மேட்டுலயே சரிச்சு வைக்கணுமா? கீழ எறக்குங்க, மட்டமான எடத்துல வச்சுத்தான் கும்புடுவேன்!"

"கீழ இறக்கினா ஆர் மாமி ஸ்ராட் பண்ணுறது?"

"ஊருல ஆள் இல்லையா? தள்ளட்டும்."

நான் அயல் வளவுகளுக்குப் போய்ச் சொன்னேன். கிழட்டு மெசினுக்குப் பூசை என்றதும் தள்ளுவதற்கென்று ஒரு படை வந்துவிட்டது. பாதிப்பேர் பார்த்துச் சிரிக்க வந்தவர்கள். கல்லை இழுத்துவிட்டு, எஞ்சின் இல்லாமலே மெசினை உருட்டிக்கொண்டுபோய், முற்றத்தின் நடுவில், சமதரையில் நிறுத்தினேன். திருத்து வேலை தொடங்கியதிலிருந்து நாங்கள் அதை வேண்டுமென்று சமதரையில் நிறுத்தியது அன்றைக்குத்தான். அது அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

குடம் ஆடாமல் நின்றது. அம்மா கற்பூரத்தை எடுக்க முன்னம், சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். "கடிக்குது கடிக்குதுங்கிறீங்களே, அந்தக் காத்தாடி. அதுக்கு மொதப் பொட்டு வையி."

நான் பக்கவாட்டில் நின்று, சந்தனம் தொட்ட விரலை விசிறிக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில் விட்டேன். விரல் போகவில்லை. சின்ன விரலை விட்டுப் பார்த்தேன். அதுவும் போகவில்லை. தட்டில் இருந்த வெற்றிலை ஒன்றை எடுத்துச் செருகினேன். வெற்றிலை மட்டும் போனது.

"இஞ்சருங்கோ," என்று கூப்பிட்டேன். "உங்கட ஒரு விரல் இடைவெளி எங்க போட்டுது?"

அவர் சிரித்தபடிதான் எழும்பி வந்தார். தன் விரலை விட்டுப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மேட்டைப் பார்த்தார். மெசினைப் பார்த்தார். காலை இழுத்துக்கொண்டு போய்ச் சில்லுக்கு அணைகொடுக்கிற கற்களை உருட்டி வந்து, முன்சில்லுகளுக்கு முன்னால் வைத்தார்.

"எல்லாரும் பின்னுக்கு நிண்டு தள்ளுங்கோ. கல்லை ஏறி உருளவிடாமல், சும்மா அமத்துங்கோ."

வந்த படை அத்தனையும் பின்னால் நின்று அமத்தியது. நான் வெற்றிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கண்ணுக்கு முன்னால் ரேடியேற்றர் மெல்ல மெல்ல விசிறியைவிட்டு விலகியது. வெற்றிலை தொளதொளவென்று தொங்கியது. "விடுங்கோ!" என்றார். விட்டார்கள். ரேடியேற்றர் திரும்பிச் சாய்ந்து வெற்றிலையைப் பிடித்துக்கொண்டது. தள்ளினால் திறந்தது, விட்டால் மூடியது. மெசின் மூச்சு விடுவதுபோல் இருந்தது.

அவர் சாக்கை விரித்து, மடியாத காலை நீட்டிக்கொண்டு மெசினுக்குக் கீழே படுத்தார். எஞ்சினையும் முன் அச்சையும் சேர்க்கிற பொருத்து ஒன்று இருக்கிறது. ரேடியேற்றர் அதற்கு மேலேதான் நிற்கும். வருசக்கணக்கான சேறும் கிறீசும் அந்த இடத்தை மூடியிருந்தன. சுரண்டிப் பார்த்தால் கீழ்ப்பக்கத்து இரண்டு போல்ட்டில் ஒன்று இல்லை. மற்றது தளர்ந்து, அதன் துளை முட்டை வடிவாகத் தேய்ந்திருந்தது. மேட்டில் மெசினின் பாரமெல்லாம் அணைகொடுத்த கல்லை நோக்கி அமத்தும்போது அந்தப் பொருத்து மூடிக்கொள்ளும். சமதரைக்கு வந்தால் கீழ்ப்பக்கம் வாய் பிளக்கும். மேலே ரேடியேற்றர் விசிறியில் சாயும். வயலில் ஒரு குலுக்கல் போதும். நாங்கள் ஒவ்வொரு தடவையும் மேட்டில் அளந்துவிட்டுப் பள்ளத்தில் உழுதிருக்கிறோம்.

கீழேயிருந்து அவருடைய குரல் மட்டும் வந்தது. "கையில வெண்ணெயை வைச்சுக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைஞ்சிருக்கிறம்."

நான் குனிந்து சொன்னேன். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணலெண்டாள் எண்டீங்கள். கூடம் கோணல்தான்!"

நின்ற எல்லாரும் சிரித்தார்கள். கீழே படுத்திருந்தவரும் சிரித்தார். அவர் வயிறு குலுங்கியது தெரிந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டபோது, இத்தனை நாளும் நெஞ்சில் ஏறியிருந்த கல் இறங்கியது எனக்கு.

அம்மா சிரிக்கவில்லை. வற்றாப்பளை அம்மன் இருக்கிற திசையைப் பார்த்துக் கைகூப்பினார். "கும்பம் வச்சாத்தானே கண்ணு தெறந்தது," என்றார். பூசையால் போகாது என்று சொன்ன மனிதர் மெசினுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்துகொண்டார். குடம் மேட்டில் நின்றிருந்தால் நாங்கள் இன்றும் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருப்போம்.

அண்ணை வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "நானும் அந்த மேட்டில நிண்டுதானே தேத்தண்ணி குடிச்சனான்!" என்றார். பிறகு இருவரும் எஞ்சினுக்குக் கீழே ஜாக் கொடுத்து, பிளந்த பொருத்தை மூடி, தேய்ந்த துளையைக் கொஞ்சம் பெருப்பித்து, தடித்த போல்ட் இரண்டு போட்டு முறுக்கினார்கள். ரேடியேற்றரின் அடிக்குப் பழைய ரயரில் வெட்டிய றப்பர் வைத்தார்கள். முழு நுனியுள்ள விசிறியைப் பூட்டினார்கள். ஜாக்கை இறக்கி, சமதரையில் நாலு சில்லிலும் நிற்கவிட்டு, அவர் விரலை விட்டார். போனது. "நீரும் பாரும்," என்றார். நானும் விட்டேன். போனது. அண்ணை தன் தடித்த விரலை விட்டார். அதுவும் போனது. அம்மாவிடமும் கேட்டார்கள், அவர் விரல் விடவில்லை, ஒரு வெற்றிலையைப் போட்டார். அது நிற்காமல் கீழே விழுந்தது.

ரேடியேற்றருக்குத் தண்ணீர் விடவேண்டும். நான் வாளியைத் தூக்கினேன். "இரு," என்று அம்மா நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மாமி, மாவிலையை எடுத்துப்போட்டு ஊத்துங்கோ," என்றார் அவர். பூசைக்கு அவர் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். ஆனால் குடத்தின் அடியைத் தன் கையால் தாங்கிப் பிடித்தார்.

அம்மா தேங்காயை உடைத்தார். ஊர் தள்ளியது. முற்றத்தைத் தாண்டி, படலையைத் தாண்டி, ஒழுங்கையில் பாதித் தூரம் போய்த்தான் எஞ்சின் பிடித்தது. தள்ளியவர்கள் கரும்புகைக்குள் நின்று கூவினார்கள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பத் தள்ளச் சொல்ல எனக்கு முகம் இல்லை. அம்மா விதைநெல் மூட்டையோடு அண்ணையின் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். எனக்குப் பக்கத்தில், பின்சில்லுக்கு மேலே இருக்கிற மட்காட்டில், காலை நீட்டிக்கொண்டு அவர்.

அன்றும் மறுநாளும் உழுதேன். அடிக்கட்டைகள் தட்டுப்பட்டன, கலப்பையின் கொழு ஒன்று வளைந்தது, வரம்பில் ஏறி விழுந்தேன், வேண்டுமென்றே ஒரு தடவை கொஞ்சம் வேகமாகவும் ஏறி விழுந்து பார்த்தேன். கடிக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்திருந்தார். விசிறியின் காற்று என் முழங்காலில் சூடாக அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூடு எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

காணி புழுதியானதும் அம்மா இறங்கினார். செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு, இடுப்பில் கடகத்தை அணைத்து, மடியிலும் இரண்டு பிடி நெல் கட்டிக்கொண்டு நடந்தார். வீட்டில் நாலடி நடந்தால் முழங்காலைப் பிடிக்கிறவர் அங்கே ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நிற்காமல் போனார். கை வீசி விழுகிற நெல் ஒரே அளவாகப் பரவியது. அண்ணை என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, உந்தக் கைக்கு மெசின் தேவையில்லை," என்றார். மேற்கே இடி முழங்கியது. அம்மா நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

விதைத்து முடிய வெயில் சாய்ந்துவிட்டது. அம்மா வரம்பில் ஏறினார். கடகத்தில் கொஞ்சம் நெல் மிஞ்சியிருந்தது. கடகத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நேரே என் கணவரிடம் வந்து நீட்டினார்.

"இந்தாங்க, மிச்சம்."

அவர் கடகத்தை வாங்கிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். அம்மாவின் கை அதற்குள் மடியை அவிழ்க்கப் போய்விட்டது. உதறிக் காட்டுவதற்கு.

"அம்மா," என்றேன். "ஆருக்கு உதறிக் காட்டுறீங்கள்? காணிக்காரி நீங்கள்தானே."

அம்மா அப்படியே நின்றார். கடகத்தைப் பார்த்தார், காணியைப் பார்த்தார். பிறகு வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தார். ஒரு சின்னப் பிள்ளை பிடிபட்டுப்போய்ச் சிரிப்பதுபோல் இருந்தது. கடகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, கலப்பை போகாத மூலைக்கு, அடிக்கட்டைகளுக்கு நடுவில் போய், மிஞ்சிய விதையை அங்கே வீசினார். மடியை உதறவில்லை. அவிழ்ந்திருந்த முனையை எடுத்து இறுக்கிச் செருகிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்புகையில் பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மேட்டில் மெசினை ஏற்றிக் கல்லை வைத்துவிட்டு, நனைந்து உள்ளே போனேன். அம்மா எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று ஈரச் சேலையை மாற்றிக்கொண்டிருந்தார். மடி அவிழ்ந்ததும் நெல்மணிகள் சீமெந்து நிலமெல்லாம் சிந்தின. நான் விளக்குமாற்றை எடுத்தேன்.

"கெடக்கட்டும் புள்ள," என்றார் அம்மா. "நம்ம நெல்லுதானே."